பதினோரு பாட்டு, பதிமூணு நிமிஷம்

எங்கள் கடைசி ரிக்கார்டு முதலில் மெதுவாகப் போய்விட்டது. அவ்வளவுதான் தப்பு. வேறு ஒன்றும் இல்லை.

பையில் என்ன என்று கேட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். ரிக்கார்டு. கறுப்புத் தட்டு. இந்த டாக்டர் ஒன்று வேண்டும் என்றார், கொண்டுவந்தேன். காலைக் காட்ட வரவில்லை. என் காலுக்கு ஒன்றும் இல்லை. வந்தது வந்தோம், காட்டிவிட்டுப் போகலாம் என்று டோக்கன் போட்டேன். முப்பத்தேழு. உங்களுக்கு? முப்பத்தெட்டா? அப்போ நேரம் இருக்கிறது. உள்ளே போயிருப்பது முப்பத்திரண்டு. அந்தம்மா லேசில் வெளியே வராது.

பாட்டு என்றால் நீங்கள் நினைக்கிற பாட்டு இல்லை. ஹார்ட்கோர் பங்க். வேகம், சத்தம், கோபம். நாலு பேர் போதும். டிரம்ஸுக்கு ஒருத்தன், கித்தாருக்கு ஒருத்தன், பாஸ் கித்தாருக்கு ஒருத்தர், கத்துவதற்கு ஒருத்தன். ஒரு பாட்டு ஒன்றரை நிமிஷத்தைத் தாண்டி இழுத்தாலே எங்களுக்கு அசிங்கம்.

சிரிக்காதீர்கள். அறுபத்து நாலு வயதில் இது தேவையா என்று என் மருமகனும்தான் கேட்டான். இருபத்து நாலில் கோபப்பட என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. இப்போதுதான் இருக்கிறது. பென்ஷன் ஆபீசுக்குப் போயிருக்கிறீர்களா? பின்னே.

பேண்டு பேர் முட்டுச்சந்து. தொண்ணூறில் ஆரம்பித்தோம், பெரம்பூரில். நான் ரயில் கோச் ஃபாக்டரியில் பெயின்ட் ஷாப். டெரிக் கித்தார், ஆங்கிலோ இந்தியன், லோகோ ஷெட்டில் கிளார்க். அவனுடைய சித்தப்பா பையன் வெளிநாட்டிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தான். கேட்டோம். ஒரு வாரம் தூங்கவில்லை. கத்துகிறவன் சகாயம். சிட்டி பஸ் கண்டக்டர். பின் படியில் நின்று விசில் இல்லாமல் பஸ்ஸை நிறுத்துகிற தொண்டை அவனுக்கு.

பாஸ் வேதவல்லி. ஆமாம், பொம்பளைதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், டெரிக் வீட்டுக்கு எதிர்வீடு. ஒருநாள், "சத்தம் தாங்கலை, போலீசுக்குச் சொல்லுவேன்" என்று சண்டைக்கு வந்தாள். அன்றைக்குப் பாஸ் வாசிக்கிறவன் வரவில்லை. கித்தார் சும்மா சுவரில் சாய்ந்திருந்தது. "நாலு கம்பி. இதுக்கா இவ்வளவு அலட்டல்?" என்று எடுத்து மாட்டினாள். கழற்றவே இல்லை.

வாய் ஜாஸ்தி. எனக்கும் அவளுக்கும் ஆகாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு பாட்டு கெட்டுப்போனால் பேச்சு கிடையாது. சகாயம் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்வான். மூணில் எல்லாரும் கை காட்ட வேண்டும். யார் கெடுத்தார்களோ அவர்களை நோக்கி. கெடுத்தவனும் தன்னையே காட்டலாம். அதிகக் கை யார் மேலோ அவன் அன்றைக்கு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். இருபத்தெட்டுக் கிலோ. கோபித்துக்கொள்ளக் கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் பேண்டு உடையாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். மற்ற பேண்டுகளில் எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு புழுங்கிச் செத்தார்கள்.

யாரு வெளியே வந்தது? இன்னும் முப்பத்திரண்டா? சரி.

போன தை மாதம் சகாயம் கூப்பிட்டான். குரல் கரகரப்பாக இருந்தது. அவன் குரல் எப்போதும் கரகரப்புதான், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"டேய் மாசி, கடைசியா ஒரு ரிக்கார்டு போடணும்டா."

"இப்ப என்ன அவசரம்?"

"தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுக்கணுங்கிறாங்க."

செல்போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எடுக்கிறதுக்கு முன்னாடி நான் அதைக் காலி பண்ணிடணும்டா. மிச்சம் வச்சு அவங்க கையில கொடுக்கக் கூடாது" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. ஆறுதல் எல்லாம் கிடையாது. ஆறுதல் சொன்னால் வைதுவிடுவான்.

முதலில் மருந்து, கதிர்வீச்சு என்று நாலு மாதம் பார்த்தார்கள். அதற்குள் பதினோரு பாட்டு எழுதினான். தண்ணி லாரிக்கு ஒன்று. அப்பார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு ஒன்று. கடைசிப் பாட்டு 'வாழ்நாள் சான்றிதழ்'. வருஷா வருஷம் போய் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறோமே, அது. "உயிரோட இருக்கியா? பாத்தா தெரியலையா? அத்தாட்சி எங்கே? இந்தா பிடி, என் சத்தம்!" முப்பத்தெட்டு செகண்டு. ரிக்கார்டுக்கும் அதே பேர்.

ஒத்திகை டெரிக் ஃபிளாட்டில். அங்கே டிரம்ஸ் வைக்க முடியாது. அசோசியேஷன் செகரட்டரி ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டார். அதனால் நான் தலையணை மேல் குச்சியால் அடித்தேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கைக்கு அது போதும். காலுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. தரையில் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். டெரிக் வாட்ச் பார்த்தான். பதினோரு பாட்டு, பதிமூணு நிமிஷம். தொண்ணூறில் போன அதே வேகம். எல்லாரும் கெக்கலித்தோம்.

சித்திரைக் கடைசியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனி, ஞாயிறு ஸ்டூடியோ எடுத்தோம். சாலிகிராமம். மாடியில். ஹரிஹரன் என்று ஒரு இன்ஜினியர். பக்திப் பாட்டும் ஜவுளிக்கடை விளம்பரமும் பதிவு பண்ணுகிறவர். நல்ல மனிதர். எங்களைப் பார்த்ததும், "சார், பஜனை குரூப்பா?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்துத்தான் பதிவு பண்ணுவோம். ஒருத்தன் இன்றைக்கு, ஒருத்தன் நாளைக்கு என்று ஒட்டுப்போடுவது கிடையாது.

முதல் பாட்டு வாசித்தோம். முடித்தோம். ஹரிஹரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, "ஒண்ணு இருபது சார்" என்றார். ஐம்பது செகண்டில் முடிய வேண்டிய பாட்டு.

சகாயம் ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னான்.

சகாயம், டெரிக், வேதவல்லி, மூணு பேரும் ஹரிஹரனைக் காட்டினார்கள். நானும் அவரைத்தான் காட்டினேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பதிலுக்குக் கை ஆட்டினார்.

அடுத்த முறை ஒண்ணு பதினெட்டு. ஏசியைக் காட்டினார்கள். குளிரில் விரல் விறைக்கிறதாம். ஏசியை நிறுத்தினோம். அடுத்தது ஒண்ணு இருபத்தைந்து. டிரம் பெடலைக் காட்டினார்கள். சரிதான், எனக்கும் அதுதான் சந்தேகம். பெரிய டிரம்மைக் காலால் அடிக்கிற பெடல் இருக்கிறதே, அதன் ஸ்பிரிங் தொளதொள. கால் வைத்தால் எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. ஹரிஹரன் வேறு பெடல் கொண்டுவந்தார். அதுவும் மட்டம். மூணாவது கொண்டுவந்தார். சாலிகிராமத்தில் ஒரு நல்ல பெடல் கிடையாது.

என் காதில் ஹெட்ஃபோனை மாட்டி டிக் டிக் என்று ஒரு சத்தம் விட்டார். அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமாம். கழற்றி எறிந்தேன். எனக்கு முன்னாடி ஓடுகிற கடிகாரம் எனக்கு எதற்கு?

"சார், நீங்க இப்படியே வாசிங்க. நான் கம்ப்யூட்டர்ல வேகத்தைக் கூட்டிடறேன்" என்றார்.

சகாயம் மைக்கை விட்டு நகர்ந்தான். "அப்ப கம்ப்யூட்டரையே கத்தச் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

சனிக்கிழமை அப்படிப் போனது. ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

ஞாயிறு காலை மறுபடி ஆரம்பித்தோம். சகாயத்தின் குரல் முதல் நாளை விட மோசம். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது பாட்டு முடிந்தது. ஒண்ணு ஐம்பது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

டெரிக் ஒயரைக் காட்டினான். சகாயமும் ஒயரைத்தான் காட்டினான்.

வேதவல்லி என்னைக் காட்டினாள்.

நேராக. கையை மடக்காமல். டெரிக், "ஏய் வேதா, என்ன மேன் இது" என்று அவள் கையைத் தட்டிவிட்டான். அவள் மறுபடியும் தூக்கினாள். என் முகத்தைக்கூடக் காட்டவில்லை. கீழே காட்டினாள். என் வலது காலை.

கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் சட்டம். நான் கோபித்துக்கொள்ளவில்லை. குச்சியைச் சுவரில் எறிந்தேன். கதவைத் திறந்தேன். போனேன். அது கோபம் இல்லை, புழுக்கம். ஏசியை வேறு நிறுத்தியிருந்தார்கள்.

முப்பத்து மூணு போச்சா? நல்லது.

படி இறங்கி, தெரு தாண்டி, மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப் வரை விறுவிறு என்று நடந்தேன். மணி ஒண்ணு இருக்கும். கத்திரி வெயில். ரோட்டில் நாய்கூட இல்லை. நிழலில் உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷத்தில் பின்னாலேயே அவள் வந்தாள். கையில் ஒரு செருப்பு.

"யோவ் மாசி. இது யாருது?"

நீல வார். ஒற்றைச் செருப்பு.

"என்னுதுதான். எங்கே எடுத்தே?"

"மாடிப்படியில. மூணாவது படியிலேயே கழண்டு கிடக்கு. நீ பாட்டுக்கு வந்துட்டே."

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை.

"தார் ரோடு. மணி ஒண்ணு. சுடலையா?"

"சுடலை."

"காலைத் தூக்கு."

தூக்கவில்லை. அவளே பிடித்துத் திருப்பினாள். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். ஒன்று அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. ஒன்று உடைந்து தண்ணீர் வழிந்தது.

"சுடலைன்னா தப்பு ரோட்டு மேலயா, கால் மேலயா? நீயே கை காட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

நான் கை காட்டவில்லை. அந்த நேரம் ஒரு பஸ் வந்தது, அதற்குக் காட்டினேன். நிற்கவில்லை.

"சர்க்கரை எத்தனை?"

"டெலிபோன் ஆபீஸ்ல அதையும் கேப்பீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடியே பேசினாள்.

"நேத்து மொதப் பாட்டு ஆரம்பிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு, மாசி. கை பழைய கைதான். கால் அடிக்கு அரை அடி பின்னாடி வருது. கைக்கும் அது தெரிஞ்சு, காலுக்காகக் காத்துட்டுப் போகுது. ரெண்டாவது தடவைக்கு முன்னாடி சகாயம் எங்களைத் தனியாக் கூப்பிட்டான். 'மாசிகிட்ட யாரும் சொல்லக் கூடாது. மெதுவா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்'னான். டெரிக் சரின்னான். நானும் சரின்னேன்."

"அப்ப மொத தடவை ஹரிஹரனைக் காட்டினீங்களே?"

"அதுக்கு யாரும் யாரையும் கேக்கலை. தானா வந்துடுச்சு."

கேட்டீர்களா? தானாக வந்துவிட்டதாம்!

"அப்புறம் இன்னிக்கு ஏன் காட்டினே?"

"ரெண்டாவது பாட்டுல நடுவுல அவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான், உன் அடி வரட்டும்னு. இருக்கிறதே கொஞ்சம் மூச்சு. அதை வச்சுக்கிட்டு உனக்காகக் காத்துட்டு நிக்கறான். செவ்வாக்கிழமை அதுவும் போயிடும். என்னால பாக்க முடியலை."

எனக்குக் காலைப் பற்றி ஒன்றும் இல்லை. கொப்புளம் யாருக்குத்தான் வராது? ஆனால் பரிதாபம் பார்த்தார்களே, அதுதான் தாங்கவில்லை. பங்க் பேண்டில் பரிதாபம்! ஊரையே மூஞ்சிக்கு நேரே வைத பேண்டு. கவுன்சிலரை மேடையில் வைத்துக்கொண்டே அவர் பேர் சொல்லிக் கத்தியவர்கள். எனக்கு முன்னால் ஒயரைக் காட்டுகிறார்கள், ஒயரை! செத்தவன் பக்கத்தில்தான் அப்படி மெதுவாகப் பேசுவார்கள்.

செருப்பை வாங்கி மாட்டினேன். திரும்பிப் போனேன். வாசிக்க இல்லை. வைவதற்கு.

கதவைத் திறந்ததும் ஆரம்பித்தேன். சகாயத்தைப் பார்த்து என்ன சொன்னேன் என்பதை இங்கே சொல்ல முடியாது, லேடீஸ் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிக்கிற வரை அவன் நின்றான். பிறகு அந்த ஓட்டைக் குரலில், "முடிச்சிட்டியா? இந்த வேகத்துல வாசிச்சிருந்தா நேத்தே வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்றான். டெரிக் அழுதுகொண்டே சிரித்தான். அவன் எப்போதுமே அப்படி.

ஆனால் கால் கால்தானே. அதாவது, பெடல் பெடல்தானே. சாயந்திரம் ஆறு மணிக்கு ஸ்டூடியோ முடிந்துவிடும். வேறு டிரம்மரைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு என் குச்சியைப் பொறுக்கினேன்.

கரகர என்று ஒரு சத்தம். வேதவல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். என் வலது பக்கம் போட்டாள். அங்கே நின்ற டிரம்மைக் காலால் தள்ளிவிட்டாள். பாஸ் கித்தாரோடு உட்கார்ந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பெடல் மேல் காலை வைத்தாள்.

"தள்ளி உட்காருயா."

"என்ன பண்றே?"

"பாஸும் இந்தக் காலும் ஒரே இடத்துலதான் அடிக்குது. இத்தனை வருஷமா உன் காலைப் பாத்துத்தான் நான் வாசிச்சிருக்கேன். எங்கே அடிப்பேன்னு உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும். கை நீ. கால் நான்."

"உனக்குக் கால் அந்த வேகம் வருமா?"

"எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் சூப்பர்வைசர்கிட்டத் திட்டு வாங்கியிருக்கேன், காலாட்டாதே காலாட்டாதேன்னு. எங்க மாமியார் அதுக்காகவே தனிச் சோபாவுல உக்காந்தாங்க. நீ அடி."

நான் ஒத்துக்கொண்டேன். விட்டுக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனசு வேண்டும் அதற்கு.

டவுன் பஸ் சீட்டில் மூணாவது ஆள் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தேன். என் வலது காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவள் நாற்காலிக்கு அடியில் விட்டேன். முதல் பாட்டில் என் முழங்கை அவள் காதுத் தோட்டில் இடித்தது. வைதாள். இரண்டாம் முறை அவள் கித்தார்க் கழுத்து என் தாடையில் இடித்தது. நான் வைதேன். மூணாம் முறை யாரும் யாரையும் இடிக்கவில்லை.

"நாப்பத்தொம்பது செகண்டு சார்!" ஹரிஹரன் மைக்கில் கத்தினார். மனுஷன் எழுந்து நின்றுவிட்டார்.

அப்புறம் நிற்கவில்லை. தண்ணி லாரி போனது. அசோசியேஷன் போனது. ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் சகாயம் அடுத்ததற்குக் கை காட்டினான். என் கைக்குக் கீழே நிலம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. குச்சி இறங்குகிற இடத்தில் எல்லாம் தொம் தொம் என்று அடி தயாராக இருக்கிறது. நான் தேட வேண்டியதில்லை. உங்களுக்கு இது புரியாது, விடுங்கள்.

கடைசிப் பாட்டு 'வாழ்நாள் சான்றிதழ்'. 'இந்தா பிடி, என் சத்தம்' என்கிற இடத்தில் சகாயத்தின் குரல் கிழிந்தது. பழைய வேட்டி கிழிகிற மாதிரி, நீளமாக. ஹரிஹரன் நிறுத்தட்டுமா என்று கையைத் தூக்கினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கிழிந்ததை வைத்துக்கொண்டே கத்தி முடித்தான். முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். துண்டால் வாயைத் துடைத்தான். துண்டைப் பார்க்காமல் மடித்துப் பைக்குள் வைத்தான்.

மொத்தம் பதிமூணு நிமிஷம் நாலு செகண்டு.

செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். ஆள் நன்றாக இருக்கிறான். பேச்சு இல்லை. செல்போனில் எழுதிக் காட்டுகிறான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்து முதலில் எழுதியது என்ன தெரியுமா? 'டேய் மாசி, மூணாவது பாட்டுல நீ லேட்.' தொண்டையோடு சேர்த்துக் காதையும் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மூணாவது பாட்டில் நான் துல்லியம்.

அந்தக் கொப்புளம்தான் இன்னும் ஆறவில்லை. மூணு மாதம் ஆகிறது. அதற்குத்தான் இந்த டாக்டர். என் கால் மெதுவாக இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். அவள் கால் வேகமாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முப்பத்தாறா? சரி, அடுத்தது நான்.

ஒரு விஷயம் மிச்சம். போன மாதம் டெரிக் ரிக்கார்டு அட்டையை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் கொண்டுவந்து காட்டினான். பின்பக்கம் பேர்கள். டிரம்ஸ் என்று போட்டு என் பேர் மட்டும் இருந்தது.

"என்னடா இது?"

"வேதாதான் மேன் அப்படிப் போடச் சொன்னா. மாசி மனசு கஷ்டப்படும், ரெண்டு பேர் பேர் வேணாம்னு."

பாருங்கள்! மறுபடியும் பரிதாபம்! கொப்புளத்தைத் திருப்பிக் காட்டினவளுக்கே பரிதாபம் வந்துவிட்டது. தொத்துவியாதி. டெரிக்கை அங்கேயே நிற்கவைத்து, பேனாவை வாங்கி, அடித்து எழுதினேன். இப்படியே அச்சடி, ஒரு எழுத்து மாறினாலும் ஒரு அட்டையை விடமாட்டேன், எல்லாவற்றையும் கிழிப்பேன் என்றேன்.

முப்பத்தேழு கூப்பிடுகிறார்களா? வருகிறேன், இருங்கள் சிஸ்டர், ஓடியா போகிறேன்.

இந்தாருங்கள், பிடியுங்கள். நான் உள்ளே போய் வருகிற வரை வைத்திருங்கள். திருப்புங்கள். கண்ணாடி இருக்கிறதா? கீழே இருந்து இரண்டாவது வரி. டிரம்ஸ் என்று இருக்கிறதா? கை, மாசிலாமணி. அது கிடக்கட்டும். அதற்கு அடுத்தது படியுங்கள். சத்தமாக.

ஆமாம். கால், வேதவல்லி.